நடு வகுப்புச் சாப்பாடு

சுருளிவேல் அதுவரை ஆகாய விமானத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆறாயிரம் அடி மலைமேல் இருந்த தேவிகுளத்தில் அண்ணாந்து பார்த்தால் வருஷத்தில் பாதி நாள் மேகம்தான் தெரியும். மீதிப் பாதியில் அண்ணாந்து பார்க்க அவனுக்கு நேரம் இருக்காது. ஆனாலும் அவன் விமானக் கம்பெனி உத்தியோகஸ்தன். ககன்பாரதி விமானக் கழகத்தின் சம்பளப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது, 'தற்காலிகம்' என்ற தலைப்புக்குக் கீழே.

சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பங்களாவைக் கழகம் விலைக்கு வாங்கி, வாசலில் 'பறக்கும் பணியாளர் ஓய்வில்லம்' என்று பலகை மாட்டியிருந்தது. பறக்கிற பணியாளர் யாரும் அங்கே வந்து ஓய்வெடுத்ததாகத் தகவல் இல்லை. விமானம் இறங்குகிற ஊருக்கு மலையிறங்கிப் போய்ச் சேரவே ஒரு பகல் ஆகும். வந்தவர்கள் எல்லாம் கழகத்து அதிகாரிகளின் மச்சினர்கள். அவர்களுக்குப் பறக்கத் தெரியாவிட்டாலும் ஓய்வெடுப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அந்தப் பங்களாவுக்குச் சுருளிவேல்தான் வாச்சர். வெந்நீர் போடுவது, தோட்டத்தில் பன்றி விரட்டுவது, மச்சினர்கள் தொலைத்த செருப்பைத் தேடுவது எல்லாம் அவன் வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவனை வேலையை விட்டு நீக்கி, மறுநாள் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். விடாமல் வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்டுவிடுவான் என்று கழகத்துக்குப் பயம். நீக்கப்பட்ட அந்த ஒரு நாளும் வெந்நீர் அவன்தான் போட்டான். வேலையில் இல்லாதவன் போட்ட வெந்நீர் என்று எந்த மச்சினரும் குளிக்காமல் இருந்ததில்லை.

அவன் மனைவி சாந்தம்மாள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள். எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் குடியிருந்த வீடு அவள் பெயரில் இருந்தது. அவள் கூடை சுமக்கிற வரைக்கும்தான் வீடு. இரண்டு மழைக்காலமாக அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, ஏற்றத்தில் ஏறும்போது செடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று போனாள். பங்களாவுக்குப் பின்னால் வாச்சருக்கென்று கட்டிய இரண்டு அறை வீடு பூட்டிக் கிடந்தது. அது நிரந்தர வாச்சருக்கு மட்டும். நிரந்தர வாச்சர் என்று ஒருவர் இல்லாததால் அதில் வௌவால் நிரந்தரமாகக் குடியிருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் வைகாசியில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து மப்ளர் சுற்றிய ஒருவர் இறங்கினார். பெயர் வெங்கடேஸ்வரன், பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், கழகத்தின் சாப்பாட்டு இலாகாவில் செக்ரட்டரி.

"நீதானே சுருளிவேல்? கேட்டியா, பெரிய சமாசாரம் ஒண்ணு வரது. விமானத்திலே முன்னாடி ஃபர்ஸ்ட் கிளாஸ். பின்னாடி எகானமி. இப்போ நடுவிலே பிசினஸ் கிளாஸ்னு புதுசா ஒண்ணு ஆரம்பிக்கப் போறோம். லண்டன் வரைக்கும் போறது."

"பஸ்ஸில நடு சீட்டு மாதிரியாய்யா?"

வெங்கடேஸ்வரன் கொஞ்சம் யோசித்தார். "அப்படிச் சொல்லப்படாது. ஆனா அப்படித்தான்."

விஷயம் இதுதான். புது வகுப்புக்கு நாற்காலி தயார், திரைச்சீலை தயார், விளம்பரம்கூடத் தயார். சாப்பாடு மட்டும் முடிவாகவில்லை. அதற்கு ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். உயரத்தில் மனிதனின் நாக்குக்கு ருசி குறையும் என்று கமிட்டி எங்கேயோ படித்துவிட்டது. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கிற காற்று ஆறாயிரம் அடி மலைமேல் இருக்கிற காற்றுக்குச் சமம் என்றும் படித்தது. ஆகவே சாப்பாட்டைச் சோதிக்க ஒன்று விமானத்தில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் மலையில் ஏற வேண்டும். விமானத்தில் ஏறினால் லண்டனில் இறங்க வேண்டி வரும், உடனே திரும்பவும் வேண்டி வரும். மலையில் அந்தத் தொந்தரவு இல்லை. சீசன் முடிகிற வரை இருக்கலாம். ஊட்டியும் கொடைக்கானலும் முந்தைய கமிட்டிகள் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது தேவிகுளம்.

"சேர்மன் துரைசுவாமி சார் சந்தோஷமா ஊருக்குத் திரும்பினார்னா, உன்னை ஸ்திரமாக்கறது என் பொறுப்பு" என்றார் வெங்கடேஸ்வரன்.

சுருளிவேல் அன்று சாயங்காலமே சாந்தம்மாளிடம் சொன்னான். அவள் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "சாப்பாடு நல்லாருக்கா இல்லையானு பாக்க ஒரு கமிட்டியா? வாயில போட்டுப் பாத்தாத் தெரியாதா?"

"அதுக்குத்தான் வாராக."

"வாயில போட்டுப் பாக்கவா?"

"ஆமா."

"அதுக்கு மலை ஏறணுமா?" என்றாள். பூட்டிக் கிடந்த இரண்டு அறை அவன் கண் முன்னால் நின்றது.

அடுத்த வாரம் லாரியில் ஆகாய விமானத்தின் நாற்காலிகள் வந்தன. பங்களாக் கூடத்தில் தரையில் ஆணி அடித்து அவற்றை வரிசையாக நிறுத்தினார்கள். முன்னால் ஒரு திரை, பின்னால் ஒரு திரை. முன் திரைக்கு அந்தப்புறம் முதல் வகுப்பு இருப்பதாக ஐதீகம்; நிஜத்தில் அங்கே துரை விட்டுப் போன பியானோ இருந்தது. பின் திரைக்கு அந்தப்புறம் சமையலறை, அது எகானமி. ஜன்னலை எல்லாம் ஆணியடித்து மூடினார்கள். எஞ்சின் சத்தத்துக்காகத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஒரு பழைய டீசல் மோட்டாரை வாடகைக்கு எடுத்து ஜன்னலுக்கு வெளியே ஓட விட்டார்கள்.

நாற்காலியைக் குலுக்க ஆள் வேண்டும் என்று வெங்கடேஸ்வரன் சொன்னார். சுருளிவேல் லயத்திலிருந்து சின்னமுத்துவையும் இன்னும் சிலரையும் கூட்டிவந்தான்.

"எம்புட்டு குலுக்கணும் சார்?" என்று கேட்டான் சின்னமுத்து.

"எகானமியைவிடக் கம்மியா, ஃபர்ஸ்ட் கிளாஸைவிட ஜாஸ்தியா."

சின்னமுத்து நாற்காலியையும் வெங்கடேஸ்வரனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாட்டு வண்டி கப்பி ரோட்டில் போகிற அளவுக்கு ஆட்டிக் காட்டினான். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கமிட்டி மூன்று கார்களில் வந்து இறங்கியது. சேர்மன் துரைசுவாமியும் பூர்வீகத்தில் கல்பாத்திதான். டில்லியிலும் பம்பாயிலும் பெரிய பெரிய பதவிகளில் இருந்து, ஓய்வு பெற்று, ஓய்வு பெற்றதற்குப் பரிசாக இந்தக் கமிட்டி கிடைத்தவர். கூட இரண்டு உறுப்பினர்கள். ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. இன்னொருவருக்கு அன்றைக்கு ஏகாதசி. அவருக்குப் பெரும்பாலும் ஏதாவது ஒன்று இருக்கும். பரிமாறுவதற்காக இன்பமேரி என்ற ஏர்ஹோஸ்டஸ் வந்திருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். பம்பாய்க்கும் லண்டனுக்கும் போய்வந்துகொண்டிருந்தவளை, தரையில் ஆணியடித்த விமானத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

துரைசுவாமி முன் திரைக்குப் பக்கத்தில் நின்று பேசினார்.

"நான் முப்பது வருஷமா ஆகாசத்திலே சாப்பிட்டவன். ஒரு தடவைகூடக் காசு குடுத்துச் சாப்பிட்டதில்லை. ஆகையினாலே எனக்கு விருப்பு வெறுப்புக் கிடையாது. பயணிகளுக்கு என்ன வேணும்னு அவாளையே கேட்டுடலாமேன்னு சில பேர் சொல்றா. கேட்டா சொல்லிடுவா. சொல்லிட்டா செய்யணும். அதனாலேதான் கேக்காமலே தெரிஞ்சுக்கறதுக்குக் கமிட்டி. இன்னொண்ணு. இந்தச் சாப்பாடு பின்னாடி இருக்கறதைவிட உசத்தியா இருக்கணும், இல்லேன்னா ஒருத்தனும் முன்னாடி வரமாட்டான். ஆனா ரொம்ப நன்னாவும் இருக்கப்படாது. இருந்துட்டா ஃபர்ஸ்ட் கிளாஸ் காலியாயிடும். ஃபர்ஸ்ட் கிளாஸ் காலியானா நானும் மந்திரிமாரும் தனியா உக்காந்துண்டு போகணும். அது தேசத்துக்கு நல்லதில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். குலுக்குகிறவர்கள் கைதட்டலாமா என்று சின்னமுத்து சைகையில் கேட்டான். வெங்கடேஸ்வரன் வேண்டாம் என்று சைகை காட்டினார்.

மோட்டார் ஓடியது. கமிட்டி வார் கட்டி உட்கார்ந்த நாற்காலிகள் ஆடின. இன்பமேரி தள்ளுவண்டியில் தட்டுகளை வைத்துக்கொண்டு வந்தாள். பம்பாயில் சமைத்து, கொச்சிக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து ஜீப்பில் மலையேறி, கரியடுப்பில் மறுபடி சூடாக்கப்பட்ட கோழி, வெள்ளைக் குழம்பில் முழுகிக் கிடந்தது. பக்கத்தில் வேகவைத்த பட்டாணி, ஒரு உருண்டை ரொட்டி, ஒரு துண்டு வெண்ணெய், நடுங்குகிற மாதிரி ஒரு புட்டிங்.

அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. துரைசுவாமி சுத்த சைவம். சர்க்கரைக்காரர் புட்டிங்கைத் தொடக்கூடாது. மற்றதைத் தொட அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாமவருக்கு ஏகாதசி. வெங்கடேஸ்வரனோ கோழி இருந்த அறையிலேயே மப்ளரை மூக்குக்கு ஏற்றிவிட்டார்.

"கோழியைப் பத்தி முடிவெடுக்கறதுக்கு நாம அதைத் தின்னணும்னு கட்டாயம் இல்லை" என்றார் துரைசுவாமி. "ஆனா யாராவது தின்னதா ரிக்கார்டிலே இருக்கணும்."

எல்லோருடைய பார்வையும் கதவோரம் வெந்நீர்ச் செம்போடு நின்றிருந்த சுருளிவேலின் மேல் விழுந்தது. அவனுக்கு வெங்கடேஸ்வரனின் கோட்டை மாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, வாரைப் போட்டுக் கட்டினார்கள். பொதுஜனப் பிரதிநிதி என்று அவனுக்குப் பெயர் வைத்தார்கள்.

இன்பமேரி குனிந்து, "அண்ணே, நாற்காலிக்கு அடியில மிதக்கிற சட்டை இருக்கு. கடல்ல விழுந்தா மாட்டிக்கிடணும். சொல்லணும்னு சட்டம்" என்றாள்.

"இங்கன ஏதும்மா கடல்?"

"அதைக் கேக்கக்கூடாதுன்னும் சட்டம்."

சுருளிவேல் சாப்பிட்டான். லயத்தில் கோழி என்பது தீபாவளிக்கும், விருந்தாள் வந்து போக மறுத்தாலும் மட்டும் வருவது. குழம்பு வெள்ளையாய் இருந்தாலும் கோழி கோழிதான். துரைசுவாமி, "எப்படி இருக்கு?" என்று கேட்டதும், இரண்டு அறையை மனதில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லாருக்குய்யா!" என்றான்.

துரைசுவாமியின் முகம் தொங்கிவிட்டது. "நன்னா இருக்காமே, வெங்கடேஸ்வரா. போச்சு! இதைக் குடுத்தா ஃபர்ஸ்ட் கிளாஸிலே எவன் ஏறுவான்?"

மறுநாள் அதே கோழியைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்து, குழம்பைப் பாதியாக்கி, பட்டாணியை இன்னும் ஒரு தடவை வேகவைத்துக் கொண்டுவந்தார்கள். பாடம் படித்துக்கொண்ட சுருளிவேல் ஒரு வாய் தின்றதும், "நல்லால்லைய்யா" என்றான்.

துரைசுவாமிக்கு ரத்தம் தலைக்கேறியது. "என்ன ஓய் இது? தேசத்தோட விமானச் சாப்பாடு நல்லால்லைன்னு ஒரு வாச்சர் சொல்றான்! அப்போ இது எகானமியாக்கும்! எகானமிக்குச் சமமா பிசினஸ் கிளாஸ் இருந்தா நடுவிலே திரை என்னத்துக்கு?"

சுருளிவேல் வாரை அவிழ்த்துக்கொண்டு வெளியே ஓடினான். பாதி பயத்தினால், பாதி பட்டாணியினால். சமையலறையில் தட்டு கழுவும்போது இன்பமேரியிடம் கேட்டான். "நல்லாருக்குன்னா மொகத்தைச் சுளிக்காக. நல்லால்லைன்னா அடிக்க வாராக. நான் என்னதாம்மா சொல்லுதது?"

இன்பமேரி லண்டன் வரைக்கும் போய்வந்தவள். "லண்டன் போற வரைக்கும் பயணிக எல்லாரும் என்கிட்ட ஒரே வார்த்தைதான் சொல்லுவாக அண்ணே. அதைச் சொல்லுங்க" என்று அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தாள்.

மூன்றாம் நாள் தட்டு வந்தது. சுருளிவேல் தின்றான். வாயைத் துடைத்தான். நாற்காலி கப்பி ரோட்டில் ஆடிக்கொண்டிருக்க, சொன்னான்: "பரவாயில்லைய்யா."

துரைசுவாமி எழுந்தே நின்றுவிட்டார். வார் கட்டியிருந்ததால் பாதிதான் நிற்க முடிந்தது. "அதாக்கும்! அதாக்கும் நமக்கு வேண்டியது! இன்னொரு தடவை சொல்லு!"

"பரவாயில்லைய்யா."

அந்த வார்த்தைக்குச் சரியான இங்கிலீஷ் தேடியதில் ஒரு காலைப்பொழுது போயிற்று. பெருமூச்சோடு சொன்ன பரவாயில்லையா, தலையை ஆட்டிச் சொன்ன பரவாயில்லையா என்பதில் உறுப்பினர்களுக்குள் கருத்து வேற்றுமை வந்தது. அதன்பின் வேலை மும்முரமாயிற்று. நன்றாக இருந்ததைக் கெடுத்தார்கள், கெட்டதைத் தேற்றினார்கள். முதல் வகுப்பில் வெண்ணெய் இளகி இருக்கும், எகானமியில் கல்லாக இருக்கும். ஆகவே நடு வகுப்புக்கு ஒரு பக்கம் இளகி மறுபக்கம் கல்லாக இருக்கும் வெண்ணெய் வேண்டும் என்று முடிவாகி, அதைச் செய்து காட்ட வெங்கடேஸ்வரன் வெண்ணெயின் ஒரு முனையை மெழுகுவர்த்தியில் காட்டினார். காப்பி, நாக்கைச் சுடவும் கூடாது, ஆறிப்போயிற்று என்று திருப்பி அனுப்பவும் கூடாது. ஒவ்வொன்றுக்கும் சுருளிவேல் வேளாவேளைக்குப் பரவாயில்லை சொன்னான்.

மிஞ்சியதை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று கழகத்தின் சுகாதார விதி இருந்தது. தோட்டத்து மூலையில் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். குலுக்குகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சுருளிவேல் கோழியையும் ரொட்டியையும் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் கொட்டி மண்ணைத் தள்ளினான். கொழுந்துக் கூடையோடு அந்த வழியாக வந்த சாந்தம்மாள் வேலிக்கு வெளியே நின்றுவிட்டாள். லயத்தில் அந்த மாதம் ரேஷன் அரிசி பாதிதான் போட்டிருந்தார்கள்.

"அந்தக் குழிக்கு மட்டும் வேளாவேளைக்குச் சோறா?" என்றாள். "அதுக்கு வேலை நிரந்தரமாயிட்டுதோ?"

சுருளிவேல் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "கொஞ்ச நாள் பொறு, சாந்தா. இவுக சந்தோஷமாப் போகட்டும்."

அதைவிடப் பெரிய விபரீதம் வீட்டில் நடந்தது. ஒரு நாள் சாந்தம்மாள், இடுப்பு வலியோடு அம்மியில் அரைத்து, சுட்ட கத்திரிக்காயும் புளியும் போட்டு, அவனுக்கு உயிரான குழம்பு வைத்திருந்தாள். கமிட்டியின் சாப்பாட்டில் அவன் நாக்கு செத்துக் கிடக்கிறது என்று அவளுக்கே தோன்றித்தான் வைத்தாள். அவன் பிசைந்து தின்றான். "எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டாள். வேளாவேளைக்குப் பழகிய வாய்.

"பரவாயில்லை" என்றான்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. சாந்தம்மாள் எழுந்தாள். சட்டியை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அதன்பின் அவனோடு பேச்சே இல்லை. சோறு போட்டாள், தட்டை அவன் முன்னால் வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும். ஸ்திரம் கிடைக்கிறதோ இல்லையோ, இருந்த வீடு ஆட்டம் கண்டுவிட்டது. பங்களா நாற்காலியில் உட்கார்ந்து ஆடும்போதெல்லாம் அவனுக்கு அந்தச் சட்டி ஞாபகம்தான். நாக்கில் என்ன வைத்தார்கள் என்றே தெரியாமல் போயிற்று. கமிட்டிக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பொதுஜனப் பிரதிநிதியின் முகம் நாளுக்கு நாள் ஒரே மாதிரி ஆகிவருகிறது என்று துரைசுவாமி பாராட்டினார்.

அந்தச் சமயத்தில், மலையாளத்தில் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை பிடித்தது. இரவும் பகலும் வானம் கொட்டி, கொச்சிக்குப் போகும் வழியில் அடிமாலிக்கு மேலே எங்கேயோ மண் சரிந்து ரோட்டை மூடியது. தந்தியும் போனும் செத்தன. காலையில் வரவேண்டிய ஜீப் வரவில்லை. கோழி மட்டும் அதில் வருவதென்றால் கமிட்டி கவலைப்பட்டிருக்காது. துரைசுவாமிக்குக் கொச்சியில் சொந்தக்காரர் வீட்டிலிருந்து வரும் சாம்பார், தயிர்சாதம், மற்றவர்களின் பத்தியம் எல்லாமே அந்த ஜீப்பில்தான் வந்தாக வேண்டும்.

"கொழப்பம் இல்லை" என்றார் துரைசுவாமி. "ஆகாசத்திலேயும் தாமதம் ஆறதுண்டு. எல்லாரும் உக்காருங்கோ. சோதனை நடக்கட்டும்."

உட்கார்ந்தார்கள். வார் கட்டினார்கள். மோட்டார் ஓடியது. இன்பமேரி வெற்றுத் தள்ளுவண்டியோடு ஒரு தடவை போய்வந்தாள். மத்தியானம் ஆயிற்று. டீசல் தீர்ந்து மோட்டார் நின்றது. குலுக்குகிறவர்கள் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துவிட்டு வந்து மறுபடி குலுக்கினார்கள். வெறும் வயிற்றில் குலுக்கல் தாங்காமல் சர்க்கரைக்காரர் கண்ணை இருட்டுகிறது என்றார். ஏகாதசிக்காரர், இன்று விரதம் ஏதும் இல்லையே என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து வருத்தப்பட்டார். சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, துரைசுவாமி குரல் இறங்கிக் கேட்டார்: "சுருளிவேல், இங்கே பக்கத்திலே ஏதாவது கிடைக்குமா?"

சுருளிவேல் மழையில் நனைந்து லயத்துக்கு ஓடினான். சாந்தம்மாள் அடுப்படியில் இருந்தாள்.

"அவுகளுக்குப் பசிக்குது" என்றான் வாசலில் நின்றபடி.

அவள் திரும்பவில்லை.

"காலையிலேர்ந்து பச்சத்தண்ணிதான். அந்தச் சீனி வியாதிக்காரர் மயங்கி விழுந்திருவாரு போல. நான் உன்கிட்டப் பேசத் தகுதி இல்லாதவந்தான். பசிக்குதுன்னு வந்தவுகளைப் பாத்துச் செய்யி."

பேச்சு விட்டிருந்தாலும் பசி என்ற வார்த்தைக்கு சாந்தம்மாளிடம் மதிப்பு உண்டு. வீட்டில் இருந்தது மரவள்ளிக்கிழங்கு. வேகவைத்து, உப்பும் மஞ்சளும் போட்டு உடைத்து, காந்தாரி மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் நசுக்கித் தேங்காயெண்ணெய் விட்டு, பானையைச் சாக்குக்குள் வைத்து அவளே தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"யார் பண்ணினது?" என்று ஆரம்பித்தார் வெங்கடேஸ்வரன்.

"ஆகாசத்திலே அதெல்லாம் கேக்கப்படாது, ஓய்" என்று சொல்லி, துரைசுவாமி தட்டை நீட்டினார்.

காந்தாரி உறைத்து மூக்கில் நீர் வழிய வழியத் தின்றார்கள். சர்க்கரைக்காரர் இரண்டாம் தடவை கேட்டார். மூன்றாம் தடவை கேட்காமலே எடுத்தார். துரைசுவாமி தட்டை விரலால் வழித்தார். அந்த விரலையும் விட்டுவைக்கவில்லை. கடைசியாகப் பொதுஜனப் பிரதிநிதிக்கும் ஒரு தட்டு வந்தது. அவன் தின்று முடித்ததும் துரைசுவாமி, பழக்கதோஷம், கேட்டுவிட்டார்.

"எப்படி இருக்கு?"

சாந்தம்மாள் கதவோரம் பானையோடு நின்றுகொண்டிருந்தாள். வெங்கடேஸ்வரன் கண்ணைக் காட்டினார், சொல்லிவிடு என்று. சுருளிவேலுக்கு ஒரு பக்கம் இரண்டு அறை, ஒரு பக்கம் அவள். இத்தனை நாள் செத்துக் கிடந்த நாக்கில் மிளகாய் எரிந்துகொண்டிருந்தது.

"இதுதான்யா சாப்பாடு" என்றான். "இது மாதிரி இந்தப் பங்களாவில ஒருநாளும் நான் தின்னதில்லை. இதுவரைக்கும் சொன்னதெல்லாம் வேலைக்காகச் சொன்னது."

வெங்கடேஸ்வரன் மப்ளரைக் கண் வரை ஏற்றினார். துரைசுவாமி கோபப்படவில்லை. யோசித்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"வாஸ்தவம். நானும் அப்படித்தான் நெனச்சேன். வெறும் கிழங்கு. இதிலே இத்தனை ருசி எங்கேர்ந்து வந்தது?"

சாந்தம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள், தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று.

"பசியிலேர்ந்து!" என்றார் துரைசுவாமி. "ருசி சாப்பாட்டிலே இல்லை ஓய், பசியிலே இருக்கு. இத்தனை நாளும் நாம கோழியைத் திருத்திண்டிருந்தோம். திருத்த வேண்டியது பயணியை! பிசினஸ் கிளாஸிலே ஏறினவனுக்கு ஒரு ஏழெட்டு மணி நேரம் ஒண்ணும் குடுக்காதே. அப்புறம் எதைக் குடுத்தாலும் அமிர்தம். செலவும் இல்லை. எழுதிக்கோ!"

வெங்கடேஸ்வரன் எழுதிக்கொண்டார். உறுப்பினர்கள் காந்தாரிக் கண்ணீரோடு ஆமோதித்தார்கள். சாந்தம்மாள் அவர்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பானையைக் கவிழ்த்துச் சாக்கில் சுருட்டி, "வாங்க வீட்டுக்கு" என்று புருஷனைக் கூப்பிட்டாள். பேச்சு விட்ட நாளிலிருந்து அவனிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அது. அவன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் போனான்.

மறுநாளும் ரோடு திறக்கவில்லை. கமிட்டி தன் சொந்தக் கண்டுபிடிப்பை மத்தியானம் வரை அனுபவித்தது. பிறகு துரைசுவாமியே குடை பிடித்துக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி லயத்துக்கு வந்தார்; மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். சாந்தம்மாளின் அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. மூடி போட்டிருந்தது.

"அம்மா, நேத்திக்கு மாதிரியே கொஞ்சம்..."

"பசி இருக்குல்லாய்யா?" என்றாள் சாந்தம்மாள். "ருசி அதில இருக்குன்னுதானே சொன்னீக? கிழங்கு எதுக்கு?"

துரைசுவாமி முப்பது வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு கேள்வியைச் சந்தித்ததில்லை. குடையை மடக்கினார்; மறுபடி விரித்தார்.

"இவுக இத்தனை வருஷமா உங்க பங்களாவில வெந்நி போடுதாக" என்றாள் அவள். "ஆறு மாசத்துக்கு ஒருக்கா நீக்கி நீக்கிச் சேக்கீக. நிரந்தரம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மூடியைத் தெறக்கேன்."

"சார், சட்டப்படி அதுக்குப் பம்பாயிலே..." என்று பின்னாலிருந்து வெங்கடேஸ்வரன்.

"சட்டமெல்லாம் சாப்பிட்டவனுக்கு, ஓய். பேனாவைக் கொண்டா."

காகிதம் இல்லை. துரைசுவாமியின் சட்டைப் பையில் நடு வகுப்பு மெனு அட்டை ஒன்று இருந்தது. அதன் முதுகில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாந்தம்மாள் அதைச் சுருளிவேலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். சேர்மன் மழையில் காத்திருந்தார். பிறகு மூடியைத் திறந்தாள். எல்லாருக்கும் வயிறாரப் போட்டாள். பசித்தவனைக் காக்கவைத்துப் போடுவது அவளுக்குப் பிடிக்காத காரியம். அன்றைக்கு அவ்வளவு நேரம் செய்ததே அவளுக்கு வருத்தம்தான்.

பம்பாய்த் தலைமை ஆபீஸ் அந்த மெனு அட்டையை ரத்து செய்யும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் சேர்மன் கையெழுத்திட்ட அட்டையைச் செல்லாது என்றால், அவர் கையெழுத்திட்ட அறிக்கையும் செல்லாது என்றாகிவிடும். ஆகவே செல்லும் என்றார்கள். ஆவணி பிறந்ததும் சுருளிவேல் வௌவாலைக் காலி செய்து, அந்த இரண்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக் குடிபோனான். சாந்தம்மாள் அதன்பின்னும் கொழுந்துக்குப் போனாள். ஆனால் வலிக்கிற நாளில் போகவில்லை.

மார்கழியில் இன்பமேரி லீவில் ஊருக்குப் போகிற வழியில் மலையேறி அவர்களைப் பார்க்க வந்தாள். லண்டன் விமானத்தில் புது வகுப்பு அமோகமாக நடக்கிறதாம். ஏறினவர்களுக்கு எட்டு மணி நேரம் ஒன்றும் கிடையாது. அதன்பின் தட்டைக் கொடுத்தால் பட்டாணி ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. மிச்சமே விழாத ஒரே விமானக் கம்பெனி என்று கழகத்துக்குப் பரிசு கிடைத்திருக்கிறது. இப்போது தகராறு வேறு இடத்தில். திரைக்குப் பின்னால் அத்தனை பேர் ஆனந்தமாகத் தின்கிற சத்தத்தைக் கேட்டு முதல் வகுப்புக்காரர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள். 'அவர்களைவிட அதிகக் காசு கொடுத்தவர்கள் நாங்கள். எங்களுக்கு ஏன் பசி இல்லை?' என்று மந்திரி வரைக்கும் புகார் போயிற்று.

"அதனால முதல் வகுப்புக்கு உயர்தரமான பசி ஏற்பாடு செய்யத் துரைசுவாமி சார் தலைமையில புதுக் கமிட்டி போட்டிருக்காக, அண்ணே. அடுத்த சீசனுக்கு இங்கதான் வாராகளாம்."

சுருளிவேல் பதறிவிட்டான். இப்போது அவன் நிரந்தர ஊழியன், பொறுப்பு அதிகம். "சாந்தா, கேட்டியா? கமிட்டி மறுபடி வருதாம். கிழங்கு, அரிசி, வெறகு எல்லாம் இப்பவே சேத்து வைக்கணும்."

சாந்தம்மாள் இன்பமேரிக்குக் கருப்பட்டிக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்து, ஆறுவதற்குள் அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"பசிக்கத்தானே வாராக? அதுக்கு எதுக்கு அடுப்புப் பத்தவைக்கணும்?"